சுவரில் மாட்டிய மாமியார்

"தயவுசெய்து அமைதி காக்கவும். இது நோயாளிகள் ஓய்வெடுக்கும் இடம்."

சுவர் இவ்வாறு அதட்டியபோது வார்டில் ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பெரிய சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆயா ஈரத்துணியால் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரப் படுக்கையில் தையல்காரம்மா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். வயிற்றில் அறுவை முடிந்த பிறகு அவருக்கு வாய்த்த முதல் நல்ல உறக்கம் அது. அதட்டலில் திடுக்கிட்டு விழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு? யாரு வந்திருக்கா?"

"யாருமில்லம்மா, நம்ம மாமியார்தான்," என்றார் ஆயா. "நாம சும்மா இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது."

மாமியார் என்பது ஓர் இயந்திரம். அறக்கட்டளை ஒன்று மருத்துவமனைக்கு அளித்த புதுமை. வெள்ளைப் பலகை, அதன் நடுவே ஒரு வட்ட விளக்கு, கீழே ஒலிபெருக்கி. சத்தம் அளவுக்குள் இருந்தால் விளக்கு பச்சையாக எரியும். அளவு மீறினால் சிவப்பாகும், கூடவே அதட்டலும் வரும். 'அமைதிக் காவலன்' என்று அதற்குப் பெயர் சூட்டி, மேளதாளம் ஒன்றுதான் குறை என்னும்படி விழா எடுத்தார்கள். விழா முடிந்த மறுநாளே ஆயா அதற்குச் 'சுவத்து மாமியார்' என்று மறுபெயர் இட்டார். அதுவே நிலைத்தது.

உள்ளபடி, பெரிய சிஸ்டர் கேட்டது இயந்திரத்தை அன்று. ஓர் ஆளை. இரவில் ஆண், பெண் எல்லாருக்கும் பொதுவான அந்த வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு செவிலி என்பது அங்கே நெடுநாளைய வழக்கம். ஒரு மூலையில் ஒருவருக்கு மூச்சு திணறும்போது, மறுமூலையில் இன்னொருவர் தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். "ராத்திரிக்கு இன்னொரு பொண்ணு இருந்தா யாரும் கத்த வேண்டியதில்லை. வார்டு தானா அமைதியாயிடும்" என்று அறக்கட்டளைத் தலைவியிடம் அவர் நேரிலேயே சொன்னார். தலைவிக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டாவது இரவுச் செவிலியின் சம்பளத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அமைதி மெய்யாகவே கூடுகிறதா என்று பார்க்க இயந்திரத்தையும் அனுப்பிவைத்தது. சோதனைக் காலம் முடியும்போது சிவப்பு குறைந்திருந்தால் செவிலி நீடிப்பார். கூடியிருந்தால் அந்த வேலையே இருக்காது.

அந்த இரண்டாவது செவிலி வந்த சில நாள்களிலேயே, தையல்காரம்மாவின் வயிற்றுக்கட்டு நனைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். முதல் செவிலி அச்சமயம் வேறொருவரின் மூச்சுக்குழாயோடு போராடிக்கொண்டிருந்தார். கட்டு நனைந்தது தண்ணீரால் அன்று. அன்றைக்கு அந்தப் பெண் இல்லாதிருந்தால் ஜன்னலோரப் படுக்கை காலியாகியிருக்கும் என்பது பெரிய சிஸ்டருக்குத் தெரியும். தையல்காரம்மாவுக்கும் தெரியும். விளக்குக்குத்தான் தெரியாது.

சோதனைக் காலம் அந்த வாரத்தோடு முடியவிருந்தது. சிவப்போ கூடிக்கொண்டே போயிற்று.

பெரிய சிஸ்டர் ஒழுங்கின்மையைப் பொறுப்பவர் அல்லர். குற்றம் சுவரில் இல்லையென்றால் வார்டில் இருக்க வேண்டும். வார்டில் இருந்தால் அதைக் களைந்தாக வேண்டும்.

"செருப்பை வெளிய விடு," என்றார் ஆயாவிடம்.

"இது ரப்பர் செருப்பு, சிஸ்டர். பூனை நடக்கிற மாதிரிதான் நடக்கறேன்."

"பூனை செருப்புப் போடறதில்லை. விடு."

மருந்து வண்டியின் சக்கரங்களுக்கு எண்ணெய் இடப்பட்டது. வாளிப்பிடிகளில் துணி சுற்றப்பட்டது. தண்ணீர்க் குவளைகளுக்கு அடியில் பஞ்சு வைக்கப்பட்டது. இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைத்து இருமும்படி நோயாளிகள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அன்று காலை வார்டில் ஊசி விழுந்தால் கேட்கும். ஊசியைக்கூட விழவிடாமல் பார்த்துக்கொண்டார் பெரிய சிஸ்டர்.

முற்பகலில் விளக்கு சிவந்தது. "தயவுசெய்து அமைதி காக்கவும்."

"நான் மூச்சுகூட விடலை," என்றார் கண்டக்டர் என்று எல்லாரும் அழைக்கும் நோயாளி. பேருந்தில் நடத்துநர் வேலை. சிறுநீரகத்தில் கல் என்று வந்து படுத்திருந்தார். "என் சர்வீஸ்ல இவ்வளவு அமைதியான வண்டியப் பாத்ததே இல்லை, சிஸ்டரம்மா. நிறுத்தத்துல நிக்கிற காலி வண்டிகூட இதைவிடச் சத்தம் போடும்."

சிவப்பு எரிந்தால் உடனே இயக்குநருக்குச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. பெரிய சிஸ்டர் தொலைபேசியை எடுத்தார்.

"மறுபடியுமா?" என்றார் மாடியில் ஏதோ ஒரு கூட்டத்தில் இருந்த இயக்குநர். "நீங்க வார்டு நடத்தறீங்களா, சந்தை நடத்தறீங்களா, சிஸ்டர்?"

"இங்க ஒருத்தரும் பேசலை, சார்."

"பேசாமலே இவ்வளவு சத்தமா? பேசினா கூரை பறந்துடும் போலிருக்கே! இதோ, இப்பவே அமைதிக் குழுவைக் கூட்டறேன்."

அமைதிக் குழு என்பது இயந்திரத்தோடு கூடவே தோன்றிய ஓர் அமைப்பு. இயக்குநர், கணக்குத் துறைத் தலைவர், விளம்பர அதிகாரி, கட்டடப் பொறியாளர், இவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆலோசகர், அந்த ஆலோசகருக்கு ஒரு துணை. மாடியில் கூட்ட அறையில் காபியோடு கூடுவார்கள். அதில் தமக்கும் இடம் வேண்டும் என்று பெரிய சிஸ்டர் முன்பே கேட்டிருந்தார். "நீங்க வார்டுல இருக்கணும், சிஸ்டர். யோசிக்கிற வேலைய நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தது. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவருக்கு யோசனை தோன்றாது என்பது அந்தக் கட்டடத்தின் அசையாத கொள்கை. இன்றுவரை அந்தக் கூட்ட அறையின் வாசற்படியை அவர் மிதித்ததில்லை.

குழு கூடிற்று. வார்டில் மாமியாரின் வாய் மதியச் சாப்பாட்டு வேளை வரைக்கும் ஓயவில்லை. மானம் போவதென்றால் இப்படியா, சரியாகத் தம்மைப் பற்றி மேலே பேசும் நேரத்திலா என்று பெரிய சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பிற்பகலில் குழுவின் முடிவு இறங்கி வந்தது. படுக்கையோர அழைப்பு மணிகளைக் கழற்றிவிட வேண்டும். உதவி தேவைப்படும் நோயாளி, தரப்படும் மஞ்சள் துணியை உயர்த்திக் காட்ட வேண்டும்.

"மணி இல்லாம எப்படிக் கூப்பிடுவாங்க, சார்?"

"கூப்பிடறதுதானே சிஸ்டர் சத்தமே! வேரையே வெட்டறோம். ஆலோசகரோட யோசனை. எவ்வளவு எளிமை பாத்தீங்களா?"

மறுநாள் அந்த எளிமை கண்டக்டரைப் பதம் பார்த்தது. அவருடைய கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது. மஞ்சள் துணியை உயர்த்தினார். பெரிய சிஸ்டர் தையல்காரம்மாவின் கட்டை மாற்றக் குனிந்திருந்தார். ஆயா முதுகைக் காட்டித் தரை துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்படுக்கைக்காரர் மட்டும் பார்த்தார். தம்மை வாழ்த்துவதாக எண்ணி அவரும் தம் துணியை அசைத்தார். இருவரும் நெடுநேரம் ஒருவருக்கொருவர் துணி அசைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் குழாயில் ரத்தம் பின்னேறத் தொடங்கிற்று.

"ஸ்டாப்! ஸ்டாப்! வண்டிய நிறுத்து!" என்று கண்டக்டர் தம் தொழிற்குரலில் அலறினார்.

கடைசி இருக்கையிலிருந்து ஓட்டுநர் காதுவரை பழகிய குரல் அது. ஆயா அதிர்ந்து வாளியைக் கவிழ்த்தார். வெறுங்கால் ஈரத்தில் வழுக்க, பிடிமானத்துக்கு மருந்து வண்டியைப் பற்றினார். எண்ணெய் இட்ட சக்கரங்கள் அவரையும் இழுத்துக்கொண்டு வார்டின் கோடிவரை ஓடிச் சுவரில் மோதின. கிண்ணங்களும் கத்தரிகளும் தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து உருண்டன. கடைசித் தட்டு சுழன்று சுழன்று, அவசரமே இல்லாமல் அடங்கிற்று.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள்.

பச்சை.

"என்னடி இது!" என்றார் ஆயா, தரையில் உட்கார்ந்தபடியே. "மாமியாருக்கு மாரடைப்பா?"

பெரிய சிஸ்டர் முதலில் கண்டக்டரின் குழாயைச் சரிசெய்தார். பிறகு ஆயாவின் இடுப்பைப் பார்த்தார். பிறகுதான் தொலைபேசியை எடுத்தார்.

"சார், இந்த மெஷின்ல கோளாறு இருக்கு. இப்ப இங்க வண்டியே கவுந்துச்சு. விளக்கு பச்சையா இருக்கு."

இயக்குநர் சற்றும் தளரவில்லை. "அது சாதாரண மெஷின் இல்லை, சிஸ்டர். புத்தியுள்ள மெஷின். தவிர்க்க முடியாத சத்தத்தை மன்னிச்சுடும். வேணும்னே போடற சத்தத்தைத்தான் கண்டிக்கும். ஆக, உங்க வார்டுல யாரோ வேணும்னே செய்யறாங்க. இதுக்குக் குழு பத்தாது. உட்குழு ஒண்ணும் அமைக்கணும்."

உட்குழு அமைந்தது. அதுமுதல் குழு காலையிலும் உட்குழு மாலையிலும் கூடின. விளக்கு காலையிலும் சிவந்தது, மாலையிலும் சிவந்தது.

"மாமியாரும் ஆபீஸ் நேரம்தான் பாக்கறா, சிஸ்டர்," என்றார் ஆயா. "ராத்திரியெல்லாம் பச்சையாம். ஞாயித்துக்கிழமை லீவு."

"கேலி பேசற நேரமா இது?"

"கேலி பேசாம அழச் சொல்றீங்களா? அழுதாலும் சத்தம்னு சொல்லுவாங்களே!"

அடுத்த முடிவு வந்தது. பார்வையாளர் வரக்கூடாது. தையல்காரம்மாவின் கணவர் தச்சர். முகம் காட்டாமல் இருக்க முடியாது என்று, வெளியே தோட்டத்தில் நின்று ஜன்னல் வழியாகச் சைகையில் நலம் விசாரித்தார். வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்த செய்தியை அவர் கைகளால் நடித்துக் காட்டியபோது தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும். வலியில் கண்ணீர் வழிந்தது. அழுகிறாள் என்று கணவர் பதறி, ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் நான் தைச்சேன். எனக்குத் தைச்சதைப் பிரிக்க இத்தனை பேர் பாடுபடறாங்களே, சிஸ்டர்," என்றார் தையல்காரம்மா. "ராத்திரி வலி விடலை, பகல்ல இது விடலை. நான் தூங்கி எத்தனை நாளாச்சு!"

மருத்துவர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பகலிலாவது தூக்கம் வேண்டும் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். மாத்திரை கொடுப்பதற்காக அவரை எழுப்ப வேண்டிய சங்கடம் செவிலிகளுக்கு நேரவே இல்லை. மாமியார் எழுப்பிவைத்திருந்தாள்.

அன்று பெரிய சிஸ்டர் தம் பணிக்காலத்தில் முதல்முறையாக ஓர் ஒழுங்கை மீறினார். கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்து, நாற்காலிமேல் ஏறி, இயந்திரத்தின்மேல் போர்த்தி, நாடாவால் இறுக்கிக் கட்டினார். தையல்காரம்மா உறங்கினார்.

சிஸ்டருடைய துரதிர்ஷ்டம், விளம்பர அதிகாரி படம் எடுக்க வந்துவிட்டார்.

"அறக்கட்டளை கொடுத்த பொருளுக்கு முக்காடா?" என்று இயக்குநர் தொலைபேசியில் கொதித்தார். "நாளைக்குத் தலைவி வராங்க. இப்படியா பாப்பாங்க? எடுங்க அதை! உங்களுக்கெல்லாம் இப்ப வர சத்தம் உறைக்கலை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்னும் ஏத்தச் சொல்றேன்."

மெக்கானிக் வந்து ஏற்றிவைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு மாமியாரின் குரல் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்தது.

தலைவி மறுநாள் வந்தார். முதலில் மாடியில் வரவேற்பு, வாழ்த்துரை, கைதட்டல், காபி. கீழே வார்டில் மாமியார் இடைவெளியின்றி முழங்கினாள். ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்த வாக்கியம் தொடங்கிற்று. தையல்காரம்மா இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். கையில் ஊசி குத்தியிருந்த கண்டக்டருக்கு ஒரு காதுதான் பொத்த முடிந்தது. இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், தம் வேலை என்னவாகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டாவது செவிலி கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"போய்த் தூங்கு, பொண்ணே," என்றார் பெரிய சிஸ்டர்.

"தூக்கம் வராது, சிஸ்டர். இங்கயே இருக்கேன்."

திடீரென்று அதட்டல் நின்றது. சற்று நேரத்தில் படிக்கட்டில் காலடிகள் கேட்டன. முன்னால் தலைவி, பக்கத்தில் இயக்குநர், பின்னால் முழுக் குழுவும் உட்குழுவும், கடைசியில், பதிவாகியிருந்த அளவுகளை எடுத்துச் சொல்ல வரவழைக்கப்பட்ட மெக்கானிக், கருவிப் பையோடு.

தலைவி வெள்ளைத் தலைமுடி கொண்ட, சுருக்கமாகப் பேசும் பெண்மணி. பலகையைப் பார்த்தார். மெக்கானிக் சொன்ன அளவுகளைக் கேட்டார். முகம் இறுகிற்று.

"இது அநியாயம்," என்றார். "நிறைய ஆஸ்பத்திரிக்கு உதவியிருக்கோம். எங்க சத்தம் அதிகமோ அங்க வேலையில்லாத ஆள் அதிகம். இதுதான் எங்க அனுபவம். இந்த மெஷின் எந்த அறையில இவ்வளவு சத்தத்தைக் கேட்டுதோ, அந்த அறையில இருக்கறவங்கள்ல பாதிப் பேரை நீங்க வேலையிலிருந்து எடுத்துடணும். எடுத்தா மிச்ச உதவியெல்லாம் அப்படியே தொடரும். இல்லேன்னா எதுவும் கிடையாது."

"இன்னிக்கே எடுத்துடறேன், மேடம்," என்றார் இயக்குநர். "முகம் பாக்க மாட்டேன், சர்வீஸ் பாக்க மாட்டேன், அழுதாலும் கேக்க மாட்டேன். இவங்க எல்லாரும் சாட்சி."

குழு தலையசைத்தது. உட்குழுவும் தலையசைத்தது.

"முதல்ல இந்த நைட் பொண்ணு," என்று இயக்குநர் கதவோரம் கையை நீட்டினார்.

பெரிய சிஸ்டர் ஆயுள் முழுதும் குரலை உயர்த்தாதவர். இப்போது உயர்த்தினார்.

"கையைக் கீழ போடுங்க, சார்! மணியக் கழட்டினீங்க, அந்த மனுஷனுக்கு ரத்தம் குழாய்ல ஏறிச்சு. செருப்பைக் கழட்டவெச்சீங்க, இந்தம்மா விழுந்து இடுப்பு வீங்கிக் கிடக்கு. புருஷன் பொண்டாட்டிய ஜன்னல் வழியா ஊமைக்கூத்து ஆடவெச்சீங்க. ஒரு நோயாளியத் தூங்கவிட்டீங்களா? இந்தப் பொண்ணு இல்லேன்னா, அடுத்த தடவை கட்டு நனையும்போது யார் பாப்பா? நீங்க மாட்டின இந்த விளக்கா?"

"செருப்பை நான் கழட்டச் சொல்லலை! அது நீங்க!"

"ஆமா, நான்தான்! இந்தச் சனியனுக்குப் பயந்து நான்தான் செஞ்சேன். அதுக்கு நான் அவங்க கால்ல விழறேன். நீங்க யார் கால்ல விழப் போறீங்க?"

"அப்படிக் கேளுங்க, சிஸ்டரம்மா!" என்று கண்டக்டர் படுக்கையிலிருந்து எழும்பினார். "டபுள் ரைட்!"

"வார்டுக்குள்ள கத்தாதீங்க!" என்று இயக்குநர் கத்தினார்.

"இப்ப கத்தறது யாரு?" என்று ஆயா அதைவிடக் கத்தினார். ஜன்னலுக்கு வெளியே தச்சர் என்ன ஏது என்று தெரியாமலே தாமும் சேர்ந்துகொண்டார். கணக்குத் துறை விளம்பரத்தைக் குற்றம் சாட்டிற்று. ஆலோசகரும் துணையும் ஒரே நேரத்தில் ஆலோசனை சொன்னார்கள். தையல்காரம்மா, தையல் இழுத்தால் இழுக்கட்டும் என்று, "அந்தப் பொண்ணு போனா நானும் இப்பவே எழுந்து போறேன்!" என்று குரல் கொடுத்தார்.

 தலைவி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தினார். ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"இத்தனை பேர் கத்தறீங்க," என்றார் மெதுவாக. "விளக்கு ஏன் பச்சையா இருக்கு?"

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.  தலைவியின் முன் பழி சுமத்த ஆள் தேடிய இயக்குநரின் கண், கருவிப் பையோடு நின்றவன்மேல் விழுந்தது.

"என்னய்யா மெஷின் மாட்டியிருக்கே! இவ்வளவு சத்தத்துக்கும் செவிடு மாதிரி நிக்குது?"

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. இந்தப் பலகைக்குப் பேச மட்டும்தான் தெரியும், கேக்கறதுக்குத் தனி டப்பா. வார்டுல இன்னொரு துளை போட்டா சத்தம் வரும், நோயாளிங்களுக்குத் தொந்தரவுன்னு, நீங்கதானே சார் அதை உங்க மீட்டிங் ரூம்ல மாட்டச் சொன்னீங்க?"